பள்ளத்தாக்கு நேரம்

சந்தியாகோவில் மணிக்கு மலைப்பெயர்.
காலை ஏழு தொட்டு ஒன்பது வரை முனை,
தாண்டினால் பள்ளத்தாக்கு,
இருட்டோடு இருட்டாய்ப் போகிறவர்களுக்குத் தாழ்வு.
ஆறு சிறுபொழுது பிரித்த மொழிக்காரன் நான்,
சுவரில் ஒட்டிய கட்டணப் பலகையைச்
செய்யுள் மாதிரி நின்று படித்தேன்.
மூன்றே பொழுது. மூன்றுக்கும் விலை.

புவென்டே ஆல்டோ நிலையம். ஜூலைக் குளிர்.
எட்டு ஐம்பதுக்கெல்லாம்
கதவுகளுக்கு இந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பேர்.
வழியனுப்ப வந்தவர்கள் இல்லை,
யாரும் வந்திறங்கப் போவதும் இல்லை.
ஒன்பது மணியை வரவேற்க நிற்கிறார்கள்.

தூணில் சாய்ந்திருப்பவள் ரோசெந்தா.
லாஸ் கோந்தேஸில் பத்தாவது மாடி வீடு,
இஸ்திரி, ஜன்னல், இரண்டு பூனை.
பத்தரைக்குப் போனால் போதும்.
போன வருஷம் தாழ்விலேயே போய்ப் பார்த்தாளாம்:
ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் உள்ளே நுழைந்து,
அங்கே ஒரு வங்கியின் படியில்
இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து,
மிச்சம் பிடித்ததையெல்லாம்
இருமல் மருந்துக்குக் கொடுத்தாள்.

அவளுக்கு அடுத்து ஒஸ்னெல்,
ஹெய்ட்டிக்காரன், சந்தையில் பெட்டி இறக்குபவன்.
வாசலில் எண்ணெய்ச் சட்டியோடு ஏதெல்மிரா.
பூசணி பிசைந்த பூரி, மேலே காரச் சட்னி.
நிற்கிற பத்து நிமிஷத்தில் பசித்துவிடும்.
மிச்சமாகும் காசைவிடப் பூரி விலை அதிகம்
என்பது எல்லோருக்கும் தெரியும்.
யாரும் அதைப் பேசுவதில்லை.

அன்றைக்குக் கூடத்துக் கடிகாரம் ஒன்பது காட்டியது.
ரோசெந்தா அட்டையை வைத்தாள்.
சிவப்பு.
இருப்பு போதாது என்றது திரை.
கதவுக்குள் இருக்கும் கடிகாரம்
இன்னும் முனையை விட்டு இறங்கவில்லை.
ஒஸ்னெல் தன் அட்டையை நீட்டினான்.
வேண்டாமென்று மறித்துவிட்டு
உதடு அசைய எண்ணினாள்,
இருபது வரை எண்ணியிருப்பாள்.
அதே அட்டை, அதே கதவு:
பிப்.
பச்சை.
அந்த இருபதுக்குள்
அவள் பையில் ஒரு காசும் ஏறவில்லை.

ஆகஸ்ட்டில் வீட்டுக்காரம்மா சொன்னார்:
மகள் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள்,
திங்கள் முதல் எட்டரைக்கு வந்துவிடு.
ரோசெந்தா ரசீதின் முதுகில் கணக்குப் போட்டாள்,
மாதத்துக்கு இருபத்திரண்டு நாள்,
முனைக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே உள்ள உயரம்.
சம்பளத்தோடு சேர்த்துத் தர முடியுமா என்றாள்.
அம்மா எண்ணைப் பார்த்தார்.
"இவ்வளவுதானா?"
சிரித்தபடியே சரி என்றார்.
கேட்டது கிடைத்த கதையை
ஒஸ்னெலிடம் ரயிலில் சொல்லி வந்தவளுக்கு
அந்த ஒரு சொல்லில் மட்டும் குரல் இறங்கியது.

திங்கட்கிழமை.
ஏழேகாலுக்கே போயிருப்பாள்,
முழங்கைக்கும் முதுகுப்பைக்கும் நடுவே
நின்ற வாக்கில் நகரத்தைக் கடந்து.
எட்டு ஐம்பத்தெட்டு.
ஏதெல்மிரா பழக்கத்தில் ஒரு பூரியைத் தனியே எடுத்தாள்,
காரம் தூக்கலாக,
எடுத்த பிறகு என்னைப் பார்த்தாள்.
வாங்கிக்கொண்டேன். விரல் சுட்டது.
முனைக் கட்டணம் கொடுக்க வக்குள்ளவன்தான் நான்,
எதற்கு இங்கே நிற்கிறேன் என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.
ஒஸ்னெல் தூணை ஒட்டி
ஓர் ஆள் இடம் விட்டு நின்றான்.
கடிகாரம் ஒன்பது காட்டியது.
ஒருவரும் நம்பவில்லை.
அவரவர் மொழியில்
இருபது எண்ணினோம்.