நடுப் பூஜ்யம்

ஜூனில் ஐஸ் குச்சி கேட்டாள்.
நூறு வேண்டுமாம், டீச்சர் சொல்லிவிட்டார்.
நூறு ஐஸ் தின்றால் சளி பிடிக்கும் என்றேன்.
பெரம்பூர் மார்க்கெட்டில் புதுசாகவே விற்கிறார்கள்,
ஒரு ஐஸையும் பார்த்திராத குச்சிகள்.
நான் பில் போடும் கடையிலிருந்து
ரப்பர் பேண்டு கொண்டு வந்தேன்.
பத்துப் பத்தாகக் கட்டினாள் ஜோவிதா.
பத்துக் கட்டையும் சேர்த்து
என் தலைமுடி பேண்டால் ஒரு பெருங்கட்டு.
"இது நூறு. பிரிக்காத வரைக்கும் ஒண்ணு."
மூன்றாம் வகுப்பு இப்படித்தான் தொடங்கியது.

ஆகஸ்டில் கூட்டல்.
எட்டும் ஏழும் பதினைந்து, ஐந்தை எழுது,
ஒன்றை மனதில் வை. அது என் காலம்.
இவள் அந்த ஒன்றைப் பக்கத்து எண்ணின் தலைமேல்
எறும்பு அளவில் எழுதி உட்கார வைக்கிறாள்.
"மனசுல வச்சா மறந்துடும்மா."
காலாண்டுத் தேர்வில் ஒரே ஒரு தப்பு:
எறும்பை ஏற்றிவிட்டு
எண்ண மறந்திருந்தாள்.

நவம்பரில் பாடம் இல்லை, மழை.
விடுமுறை விடுமுறை என்று
போனில் செய்தி வந்துகொண்டே இருந்தது.
வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
கரண்ட் போன படிக்கட்டில் டார்ச் அடித்து
எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்:
"நேத்து நாலு படி முங்கியிருந்துச்சு.
இன்னிக்கு ஏழு. மூணு ஏறியிருக்கு."
கடைக்குள்ளும் தண்ணீர்.
பதினோரு நாள் சம்பளம் இல்லை.
எதிர்வீட்டு ரமீஜாவிடம் மூவாயிரம் கேட்டேன்.
நாளைக்குத் தரேன் என்றாள்.
தந்தாள்.

டிசம்பர். கடன் வாங்கிக் கழித்தல்.
முந்நூறில் நூற்று நாற்பத்தேழு போக எவ்வளவு?
பூஜ்யத்தில் ஏழு போகாது, பக்கத்தில் கேள்.
பக்கத்திலும் பூஜ்யம்.
பென்சிலைக் கடித்தபடி வெகுநேரம் இருந்தாள்.
பிறகு தலைமுடி பேண்டைக் கழற்றி
இருந்த ஒரே நூறைப் பத்துக் கட்டாக்கினாள்.
அதில் ஒரு கட்டைப் பத்துக் குச்சியாக்கினாள்.
"பாவம்மா இந்த நடுப் பூஜ்யம்.
அதுகிட்டயே ஒண்ணும் இல்ல.
நூறு வீட்டுல போய் வாங்கிட்டு வந்து
இன்னொரு பூஜ்யத்துக்குக் குடுக்குது."

நான் அடுப்பை அணைத்தேன்.
ரமீஜாவின் காதைப் பல நாளாகப் பார்க்கிறேன்,
கம்மல் இருந்த துளையில் வேப்பங்குச்சி.
பார்த்தேன்,
கணக்குப் போடவில்லை.

ஜனவரியில் வாய்ப்பாடு.
ஓரஞ்சு அஞ்சு, ஈரஞ்சு பத்து என்று அவள் ராகம் போட
வாரம் ஐநூறாக நான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.
ஆறு வாரத்தில் முடியவேண்டியது.
பொங்கல் வாரம் தவறி ஏழானது.
அடகுக்கடை வட்டி வேறு,
அது மூன்றாம் வகுப்பில் இல்லை.
மார்ச் பிறக்கும்முன் கம்மல் வந்தது.
ரமீஜாவும் நானும் அதைப்பற்றி
இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மார்ச்சில் ஒருநாள் சர்வர் படுத்துவிட்டது.
வரிசை கதவைத் தாண்டி நின்றது.
இருநூற்று அறுபத்தெட்டுக்கு
ஐநூறு தாளை நீட்டினார் ஒருவர்.
பிஸ்கட் அட்டையைக் கிழித்து எழுதினேன்.
ஐந்தை அடித்து நான்கு.
நடுப் பூஜ்யத்தின்மேல் பத்து,
அதையும் அடித்து ஒன்பது.
வாங்கியதில் ஒன்றைக் கொடுத்த பிறகும்
ஒன்பதை வைத்துக்கொண்டு நிற்கிறது!
இத்தனை வருடம் மிஷின் இதை
எனக்குக் காட்டியதே இல்லை.
இருநூற்று முப்பத்திரண்டை எண்ணிக் கொடுத்தேன்.
"சின்னப் புள்ளைங்க மாதிரி போடறியேம்மா" என்றார்.
ஆமா சார் என்றேன்.

ஏப்ரல், தேர்வு முடிந்துவிட்டது.
ரமீஜாவின் மகன் அர்ஷத் ஜூனில் பள்ளிக்குப் போகிறான்.
குச்சிகள் அவனுக்காம்.
எண்ணித்தான் கொடுப்பேன் என்று
ஃபேனுக்குக் கீழே தரையில் பரப்பினாள்.
ஒன்பது கட்டு,
உதிரியாக ஒன்பது.
கட்டிலுக்கடியில் தேடினாள், மறுபடி எண்ணினாள்,
மூன்றாம் முறை என்னை எண்ணச் சொன்னாள்.
கீழே தெருவில் மணியடித்துக்கொண்டு
ஐஸ் வண்டி திரும்பியது.
"அம்மா" என்றாள், மிகவும் கவலையாக,
"நூறாகணும்னா ஒரே ஒரு வழிதான் இருக்கு."