கைபிறேக்

மின்சார பில்லின் பின்பக்கத்தில்
றெஜிஸ் எழுதத் தொடங்கி இரண்டு மாதம்.
முதல் வரி: தண்ணி, நாற்பது லீற்றர்.
அதை வெட்டி அறுபது.
அறுபதையும் வெட்டி
'அங்கை நல்ல தண்ணி கிடைக்கும்' என்று எழுதியது நான்.
குருநகர்க் கிணற்றில் வாய் கொப்பளித்து வளர்ந்தவர்,
நம்பவில்லை.
ஓரத்தில் திரும்பவும் நாற்பது.

வான் முந்திப் பாண் விற்றது.
இரண்டு தரம் வெள்ளை அடித்தும்
பேக்கரியின் பெயர்
வெயில் சாயும் நேரம் வெளியே வருகிறது.
கட்டில் பூட்டியாச்சு. ஒற்றை காஸ் அடுப்பு.
வளைவில் கோப்பை பறக்காமல் அலுமாரிக்குக் கொக்கி.
பின்கதவு இடுக்கில் இன்னும் சீனி இருக்கவேணும்.
எறும்புகள் எங்களுக்கு முதலே
சாமான் ஏற்றிவிட்டன.

போகிற இடம் அப்புத்தளை.
ஒரு கடைத்தெரு, ஒரு ஸ்ரேசன், காய்ந்த புல்,
ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பள்ளம்.
வெங்காய லொறி ஓட்டிய மரியநாயகம் சொன்னது:
"முகில் குறுக்கே வரும்.
ஹோர்ன் அடிச்சாலும் விலகாது."

பிரச்சினை கைபிறேக்.
சரிவில் நிற்குமா?
பார்க்கச் சரிவு வேணும்.
யாழ்ப்பாணத்தில் எங்கே போய்ச் சரிவு தேடுகிறது?

கீரிமலைக்குப் போனோம்.
மலை பெயரோடு சரி.
சங்குப்பிட்டிப் பாலத்து ஏற்றத்தில் நிறுத்தினோம்.
பின்னால் வந்த பஸ்காரன்
எங்கள் இருவரின் பரம்பரையையும்
பெயர் பெயராக விசாரித்தான்.
கடைசியில் பாசையூரில்
வள்ளம் இழுக்கிற சாய்தளம்.
றெஜிஸ் பிறேக்கை இழுத்துவிட்டு இறங்கினார்.
வான் கொஞ்சம் யோசித்தது.
பிறகு, மெல்ல,
கடலில் யாரோ பாணுக்குக் கூப்பிட்டதுபோல
இறங்கத் தொடங்கியது.
வலை பொத்திய மூன்று பேர் ஓடிவந்து முட்டுக்கொடுக்க
நான் பனங்குற்றி ஒன்றைச் சில்லுக்குக் கீழே தள்ளினேன்.
பட்டியலில் புது வரி: குற்றி, இரண்டு.
வீடு வந்ததும் அவர் அதை நாலாக்கினார்.

குளிரையும் எங்களுக்குத் தெரியாது.
ஐஸ் பக்டரியில் வேலைசெய்யும் எட்மன்
பத்து நிமிடம் உள்ளே இருக்க விட்டார்.
மொன்றியலில் இருந்து வந்த கம்பளியைப் போர்த்துக்கொண்டு
பாரை மீன் பெட்டிகளுக்கு நடுவில் குந்தியிருந்தோம்.
"சுகமாத்தான் கிடக்கு,"
பல்லுகள் அடிக்க அடிக்கச் சொன்னார்.
வெளியே வந்தால் வெயில்
கடன் தந்த ஆள் போல
தோளில் கை போட்டது.
கம்பளி: இன்னும் ஒன்று.
முதல் கம்பளி: மீன் மணம் போகக் கழுவ.

நேற்று இரவு நான் அடுக்கத் தொடங்கினேன்.
கை தன்பாட்டில் போய்
அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள்
எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் முடிந்து
முதலாவதாக வைத்தது.
"உறுதி எதுக்கு? நாலு இரவுதானே," என்றார்.

ஒன்பது வயதில்
நாவற்குழிப் பக்கம், மழையில்,
ஒரு லொறிக்கு அடியில் படுத்திருக்கிறேன்.
எத்தனை இரவு என்று
யாருமே சொல்லாத பயணம் அது.
அரை மணித்தியாலத்தில் வீட்டை மூட்டை கட்டிய வீட்டுப் பிள்ளை நான்,
இரண்டு மாத அவகாசத்தை வைத்து
என்ன செய்கிறதென்று தெரியவில்லை.
இதை அவருக்குச் சொல்லவில்லை.
அவரும் அந்த மழையில் எங்கேயோ நின்றவர்தான்.
பையை அலுமாரியில் திரும்ப வைத்தேன்.
அந்த இடத்துக்கு ஒரு கடுதாசிக் கூட்டம் வந்தது,
ஜோக்கர் இல்லாதது.

பில்லில் இன்னும் இரண்டு விரல் இடம்.
போவது: வெள்ளி, விடிய நாலு மணி
என்று அவர் எழுதியிருந்தார்.
அதற்குக் கீழே நான்:
வருவது: செவ்வாய் பின்னேரம்.
பேனை மை சரியாக விழவில்லை என்று
அதன் மேலேயே இன்னொரு தரம் எழுதினேன்.
மை நல்லாத்தான் விழுந்திருந்தது.

வானுக்கு அடியில் இருந்து
இரண்டு கால் மட்டும் தெரிய, றெஜிஸ்:
"பதினாலாம் நம்பர் சாவியை எடும்.
கேபிள் இழுபட்டுக் கிடக்கு."