வாடை விலை

இறக்கக்கண்டியில், மார்கழி இரண்டாம் கிழமை,
இந்தப் படகு நாலு இலட்சத்துப் பத்தாயிரம்.
சித்திரையில் இதுவே ஐந்தரை
என்கிறார் நசுறுதீன் காக்கா,
சாரத்தை மடித்துக் கட்டியபடி,
விலையைக் கூட்டுவது தானல்ல, காற்று என்பதுபோல.

பதினெட்டரை அடி. பைபர். பச்சை.
வயிற்றில் இரண்டு ஒட்டு, ஒன்று நீலம், ஒன்று சாம்பல்.
பதினைந்து குதிரை எஞ்சின்
உரச்சாக்குக்குள் முகம் மூடி
மாட்டுக்கொட்டிலில் நிற்கிறது.

“ஓட்டிப் பாக்கலாமோ?” இவர் கேட்டார்.
காக்கா கடலைப் பார்த்தார்.
நாங்களும் பார்த்தோம்.
முறிந்து விழுந்து, எழும்பி, திரும்பவும் முறிகிற
அந்தக் கலங்கலுக்குள்
நாய்கூடக் கால் வைக்காது.
“ஓட்டிப் பாக்கிற காலத்துல இந்த வெல இல்ல, தம்பி.
இந்த வெலக் காலத்துல ஓட்டிப் பாக்க ஏலா.”

அதை பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.
தபால் கந்தோரில் பதினொரு வருடம்;
எழுதிக் கூட்டாமல் எனக்கு யோசிக்க வராது.

எனக்கு மாற்றம், சித்திரை முதலாம் திகதி, நிலாவெளி.
வவுனியா வீட்டு வாடகை பங்குனியோடு முடியும்.
இங்கே வீடு இன்னும் பார்க்கவில்லை.
மகளுக்குப் பள்ளிக்கூடம்: ஒரு கடிதம், பதிலில்லை.
லான்ட்மாஸ்டர் விற்ற காசு வங்கியில்;
பல்லுக்கு ஒருதரம், மதிலுக்கு ஒருதரம்
ஏற்கெனவே கசிந்தாயிற்று.

வீடில்லாமல் படகா என்று நான்.
படகில்லாமல் இங்கே எனக்கு என்ன வீடு என்று இவர்.
பாவற்குளத்தில் லொறி ரியூப்பில் மிதந்து
ஜப்பான் மீன் பிடித்த மனிசன்.
உப்புத் தண்ணியில் கால் நனைத்ததே
எங்கள் கலியாணத்துக்கு அடுத்த நாள்தான்,
அதுவும் படம் எடுக்க.

“கிணத்தில தண்ணி இருக்குத்தானே?” என்றேன்.

நாலு பழைய டயரில் படகைத் தூக்கி வைத்து
வாளி வாளியாக உள்ளே ஊற்றினோம்.
அறுபத்திரண்டு வாளி. நான் எண்ணினேன்.
கடல் வெளியே இரைய,
கிணறு படகுக்குள் ஏறி நின்றது.
மகள் சோக்கட்டியோடு அடியில் ஊர்ந்து
ஈரம் கண்ட இடமெல்லாம் வட்டம் போட்டாள்.
நீல ஒட்டு காய்ந்தே கிடந்தது.
சாம்பலில் மூன்று வட்டம்;
ஒன்றில் மட்டும்
நாற்பது எண்ணினால் ஒரு சொட்டு.

காக்கா அசருக்குப் போய்விட்டார்.
அவர் மனைவி உம்மு ஹபீபா
பிளேன்டீயும் சீனியும் கொண்டுவந்து
குனிந்து வட்டங்களைப் பார்த்தாள்.
“இவரும் மச்சானோட பாதிக்குப் பாதி
பெரிய போட் ஒண்டு பேசி வச்சிருக்கார்.
தைக்குள்ள காசு கட்டோணும்.
அதுவும் வாட வெலதான்.”
பிறகு, கோப்பையைத் திரும்ப வாங்கும்போது:
“அதையும் ஓட்டிப் பாக்கல்ல.”

இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை;
டிக்கெட்டில் எழுத இடமும் இல்லை.

ஐயாயிரம் முற்பணம் கொடுத்தோம்,
வாங்குவதற்கல்ல, ஒரு கிழமை பொறுப்பதற்கு.
தண்ணீரை இறைக்காமல் விட்டு வந்தோம்.
விளிம்பிலிருந்து எத்தனை விரல் இறங்கியதென்று
விடிய அளந்து காக்கா போன் எடுப்பார்.
இரண்டு விரல் என்றால் வாங்கலாம் என்கிறார் இவர்.
மூன்றென்றால்?
மூன்றென்றால் ஒட்டுப் போட்டு வாங்கலாம்.

வவுனியா போகும் கடைசி பஸ்.
மகள் என் மடியில், விரலெல்லாம் சுண்ணாம்பு.
ஹொரவப்பொத்தானை தாண்டவில்லை,
கண்ணாடியில் முதல் துளி விழுந்தது.
பிறகு சடசடவென்று எல்லாம்.

இவர் என்னைப் பார்த்தார்.
அங்கேயும் பெய்யுமோ?
படகை மூட ஒருவரும் சொல்லவில்லை.