வைத்ததற்கும் வீடியோ இருக்கிறது

தீபாவளிக்குப் பதினோரு நாள்.
விளக்குத்தூணைச் சுற்றித் தலைகள், தலைகள்.
ஸ்டேஷன் வாசலில் செருப்பைக் கழற்றப் போனவளை
'கோயிலா இது, உள்ள வாம்மா' என்றேன்.

பாண்டீஸ்வரி, வயது முப்பத்து மூன்று,
கணவர் பெயர் சோணைமுத்து,
ஜெய்ஹிந்துபுரத்தில் அப்பளக் கம்பெனி வேலை.
பெஞ்சில் அவள் உட்கார்ந்ததும்
உளுந்தும் பெருங்காயமும்
கூடவே உட்கார்ந்தன.

பொருள்: சென்ட் பாட்டில், ஒன்று.
விலை: முந்நூற்று நாற்பத்தொன்பது.
'யாருக்கு?'
பிள்ளைக்கு என்பாள் என்று
பேனாவைத் தயாராக வைத்திருந்தேன்.
பதினாறு வருஷ ரைட்டர் வேலையில்
பிள்ளை வராத திருட்டை நான் அதிகம் எழுதியதில்லை.
'எனக்குத்தான் சார்.'

பையில் போட்டிருக்கிறாள்.
இரண்டு மாடி இறங்கியிருக்கிறாள்.
கண்ணாடிக் கதவுக்கு நாலு எட்டு இருக்கையில்
திரும்பியிருக்கிறாள்.
ஏன் என்று கேட்டதற்கு
'தெரியல சார், திரும்பிட்டேன்.'
லிஃப்ட்டில் கூட்டம். படியேறிப் போய்
எடுத்த தட்டில் எடுத்த இடத்தில்
வைத்துவிட்டு இறங்கும்போதுதான்
வாட்ச்மேன் பிடித்தது.
பையில் இருந்தவை:
குடை, சாப்பாட்டுத் தூக்கு, பெரியார் நிலைய பஸ் டிக்கெட்.

'எடுத்ததுக்கு வீடியோ இருக்கு சார்.'
மேலாளர் தனுஷ்கோடி செல்லை நீட்டினார்.
'வச்சதுக்கு?'
'அதுக்கும் இருக்கே!
நமக்கு அதுதான் சார் பலம்.
எடுக்காதவ எப்படி வைப்பா?'

தண்ணீர் குடித்தேன்.

சட்டம் அவர் பக்கம்தான்.
பழைய முந்நூற்று எழுபத்தெட்டு,
இப்போது முந்நூற்று மூன்று:
கெட்ட எண்ணத்தோடு
இருந்த இடத்தைவிட்டு அசைத்தால் போதும்.
வாசல் தாண்ட வேண்டும் என்று
எந்த வரியிலும் இல்லை.
கை நீளுமுன் திரும்பியிருந்தால் அது நினைப்பு,
நினைப்புக்கு லாக்கப் கிடையாது.
பெட்டியை உடைத்து உள்ளே ஒன்றுமில்லாமல் நின்றவனுக்கும்
முயற்சி என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள்.
அசைத்த பிறகு படியேறிப் போனவளுக்கு
யாரும் ஒரு நம்பர் போட்டுவைக்கவில்லை.
முதல் தடவை, சின்னத் தொகை, பொருளும் திரும்பிவிட்டது,
சமூக சேவை என்று ஏதாவது பூங்காவைக் கூட்டச் சொல்வார்கள்.
கூட்டுவதற்கு முன்னால்
குற்றவாளி என்று ஒருவர் படித்தாக வேண்டும்.

'எஃப்.ஐ.ஆர். போடுங்க' என்றார்.
'ஐயாயிரத்துக்குக் கீழ.
கோர்ட் சொல்லாம என் பேனா அசையாது.'
'அப்ப எழுதியாவது வாங்குங்க,
இனிமே கடைப்பக்கம் வரமாட்டேன்னு.'

எழுதினேன்.
எடுத்தேன், இறங்கினேன், ஏறினேன், வைத்தேன்.
வாசித்துக் காட்டினேன்.
'லேபிள் வெளிய தெரியிற மாதிரி வச்சேன்.
அதையும் எழுதுங்க சார்.'
தனுஷ்கோடி சிரித்தார்.
தாளில் இடமில்லை, அந்த வரி
ஓரமாக வளைந்து மேலே ஏறிப் போயிற்று.
கையெழுத்துப் போடுமுன் விரலைச் சேலையில் துடைத்தாள்.
மாவு எதுவும் இல்லை, பழக்கம்.

டீக்காரப் பையன் இரண்டு கிளாஸ் வைத்துவிட்டு
மூன்றாவதைக் கையில் பிடித்தபடி
அவளையும் என்னையும் பார்த்தான்.
வை என்றேன்.

போகும்போது மேலாளரிடம் கேட்டாள்:
'அந்த வீடியோ எத்தனை நாளைக்கு சார் இருக்கும்?'
'முப்பது நாள்ல தானா அழிஞ்சிரும்.
ஒன்னோடத மட்டும் தனியா எடுத்து வச்சிருக்கோம்.'
'நான் எடுத்ததா, வச்சதா?'

அவர் செல்லைத் தட்டிப் பார்த்தார்.
சார்ஜ் இறங்கிவிட்டது என்றார்.