ஏழு நொடி

ஷார்ஜா, அல் நஹ்தா. ஜூலை. காலை பத்தே கால்.
நடைபாதையில் புறங்கையை வைத்து
ஏழு நொடி எண்ண வேண்டும் நான்.
தாங்கினால் நாய் நடக்கலாம்.
மூன்றில் எடுத்துவிட்டேன்.
படிவத்தில் எழுதுகிறேன்: மூன்று.

ஹெப்சிபா குனிந்து
பிக்கோவுக்கு ஒவ்வொன்றாக ஷூ மாட்டுகிறாள்.
நாலாவது காலை அது தானே நீட்டுகிறது.
அதற்குக் கட்டமில்லை என் தாளில்.

ஹங்கேரியில் பழகிய நாய்.
இடது என்றால் பால்ரா, வலது என்றால் யோப்ரா.
மார்த்தாண்டத்துக்காரி வாயில்
அது கொஞ்சம் மலையாளம் போலக் கேட்கும்.

நிற்காத டாக்ஸி நான்கு.
நின்று, பார்த்து, கிளம்பிய டாக்ஸி ஒன்று.
மால் வாசலில் காவலாளி அனுமதிக் கடிதத்தை
வாசித்து முடிக்கப் பதினொரு நிமிடம்.
நேபாளி. கடைசியில்
எங்க ஊர்ல நாய்க்கு ஒருநாள் மாலை போடுவோம் மேடம்
என்று கதவைத் திறந்தார்.
'இதர குறிப்புகள்' பகுதியில் சேர்த்தேன்.
எங்களைக் கண்டு லிஃப்டிலிருந்து இறங்கியவர்கள் ஆறு.
"ஆறா? நல்லது, காத்து வரும்" என்றாள்.

கட்டிடம் எழும்பும் திருப்பத்தில்
தகரத் தடுப்பின் ஒரு முழ நிழலில் இருந்தவர்
நாயின் கால்களையே பார்த்தார்.
"நாலுக்கும் புதுசு. எந்தக் கம்பெனி தம்பி?"
விழுப்புரத்துப் பேச்சு.
அவர் ஷூவின் முனையில் டேப் சுற்றியிருந்தது.
பாட்டிலில் மிச்சமிருந்ததை
உள்ளங்கையில் ஊற்றி நீட்டினார்.
சேணம் பூட்டியிருந்தால்
யார் கொடுத்தாலும் பிக்கோ குடிக்காது.
"டூட்டில இருக்கு" என்றபடி
அந்தத் தண்ணீரைத் தன் முகத்தில் தடவிக்கொண்டார்.

கேள்வி பதினொன்று.
நாய் வந்தபின் தனிமை குறைந்திருக்கிறதா?
ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லவும்.
"முன்னெல்லாம் கேக்காமலே கையப் பிடிச்சு
ரோட்டைக் கடத்தி விடுவாங்க,
நான் கடக்க நினைக்காத ரோட்டையும்.
இப்ப யாரும் தொடுறதில்ல.
இதுக்கு என்ன நம்பர்?"

இதுவரை ஏழு பேர் கிடைத்திருக்கிறார்கள்.
ஏழு பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது
என்கிறார் பேராசிரியர்.
சரிதான்.

இரவு, அவள் சேணத்தைக் கழற்றும்போது
கடைசி அளவுக்காக நின்றிருந்தேன்.
"வாடா மக்கா" என்றாள்.
எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தராத வார்த்தை.
எழுந்து வந்தது,
அவளைத் தாண்டி
நேராகத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு.

குடிக்கும் சத்தம் நிற்கும்வரை
இருவரும் பேசவில்லை.
பிறகு சொன்னாள்:
"நேத்தைவிட அதிகம். எழுதிக்கோங்க."