எனவே, பாதுகாப்பானது

என் கழுத்தில் இரண்டு அட்டைகள்.
நீல நாடாவில் சிவில் இன்ஜினியரிங், மூன்றாம் ஆண்டு.
பச்சை நாடாவில் பி.எஸ்சி. வேதியியல்,
ஞாயிறுதோறும் செய்முறை.
இரண்டு படத்திலும் ஒரே முகம்,
இரண்டிலும் வாய் மூடியிருக்கிறது.

பென்னாகரத்தில் ஐந்தே முக்கால் பஸ்.
இந்தூர் வரும்வரை தனிம அட்டவணை.
இந்தூரில் கூட்டம் ஏறியதும்
புத்தகத்தை மடித்துவிட்டு மனக்கணக்கு:
டபிள்யூ எல் ஸ்கொயர் பை எய்ட்.
கண்டக்டருக்கு என் பெயர் தெரியாது.
"ரெண்டு காலேஜு, உள்ள போம்மா" என்பார்.

"ஒரு டிகிரி முடிச்சவனே ஓசூர்ல
பன்னெண்டாயிரத்துக்கு நிக்கிறான்.
ரெண்டு முடிச்சா இருபத்து நாலா?"
சித்தப்பா கேட்டதற்கு அப்பா சிரித்தார்,
கையால் வாயை மறைத்துக்கொண்டு.
எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சிரிப்போம்.

வாரநாளில் சொல்வார்கள்:
ஒன்பது புள்ளி எட்டு ஒன்றா, பத்தென்று போடு.
வரும் சுமையை ஒன்றரையால் பெருக்கு.
கம்பி ஒன்று கூடினால் கூடட்டும், கட்டடம் நிற்கும்.
ஞாயிற்றுக்கிழமை வேறு மதம்:
ஒரு சொட்டு மிஞ்சினால்
முதலிலிருந்து.
எனக்கு இரண்டும் பிடித்திருந்தது.
கேட்டவர்களிடம் "வேலைக்கு" என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரியில் ஒரு டிசைன்:
இரண்டாயிரத்து நானூறு பேருக்கு
மேல்நிலைத் தொட்டி.
என் ஊர் ஜனத்தொகையையே எடுத்துக்கொண்டேன்.
காற்று, நில அதிர்வு, தண்ணீரின் எடை,
ஆறு தூண், தூணுக்கு எட்டுக் கம்பி.
பதினோராம் பக்கத்தின் அடியில், வழக்கப்படி,
'எனவே, பாதுகாப்பானது.'
அடிக்கோடு இரண்டு.

அந்த ஞாயிறு
வேடியப்பன் மாதிரி நீர் எடுத்துவர மறந்துவிட்டான்.
என் பையிலிருந்த குடிநீர் பாட்டிலைத் திறந்தோம்.
காவிரிக் குழாய் வாரம் இரண்டு நாள்;
மற்ற நாளுக்கு எங்கள் போர்,
நானூற்று எண்பது அடி.
ஃப்ளோரைடு இருந்தால் செஞ்சாயம் வெளிறும்.
வெளிறியது.
வெளிறிக்கொண்டே போனது.
"அளவைத் தாண்டிருச்சு,
நாலில் ஒரு பங்காக்கிச் செய்" என்றார் மேடம்.
மூன்று முறை செய்தோம்.
மூன்று புள்ளி ஏழு. மூன்று புள்ளி எட்டு. மூன்று புள்ளி ஏழு.
எல்லை ஒன்றரை.
அதே ஒன்றரை.
வேடியப்பன் என் பல்லைப் பார்த்தான்,
பார்க்காததுபோல் பிப்பெட்டைக் கழுவினான்.
அவனுக்கும் அப்படித்தான்,
தேநீர்க் கறை என்று சொல்லிக்கொள்வான்.

இரவு பதினோராம் பக்கத்தைப் பிரித்தேன்.
ஒரு வரியும் பொய்யில்லை.
தூண் தாங்கும். சுவர் கசியாது.
ஐம்பது வருடம் நின்று
ஒரு சொட்டும் வீணாக்காமல்
அந்தத் தண்ணீரை வீடுவீடாகக் கொண்டுசேர்க்கும்.
அடிக்கோட்டுக்குக் கீழே எழுதினேன்:
'தொட்டி மட்டும்.'

சிவப்பு மையில் திரும்பி வந்தது:
'கடைசி வரி தேவையில்லை.' இருபதுக்குப் பதினெட்டு.
வேதியியல் ரெக்கார்டில் வேறொரு சிவப்பு:
'முடிவை மட்டும் எழுதவும். தொட்டிப் படம் எதற்கு?'

ஏப்ரலில் இரண்டு பரீட்சையும்
ஒரே காலை பத்து மணிக்கு.
ஒன்றை நவம்பருக்குத் தள்ள வேண்டும்,
எதை என்று தெரியவில்லை.
நாணயம் சுண்டலாம் என்றான் வேடியப்பன்;
சுண்டினோம், பெஞ்சுக்கு அடியில் உருண்டு போயிற்று.

விண்ணப்பத்துக்குப் புதுப் படம் வேண்டும்.
நாலு ரோட்டில், மாடியில் ஒரு ஸ்டுடியோ.
"ஒரு செட்டா, ரெண்டு செட்டா?"
ரெண்டு, என்று வாய் திறந்தபோது
ஃப்ளாஷ் அடித்துவிட்டது.
"சாரிம்மா, பல்லு தெரியுது,
இன்னொண்ணு எடுத்துடலாம்."

வேண்டாம்ணா.
அதையே போடுங்க.