வியர்க்காத கை

ட்ரொம்சோவில் நவம்பர் இறுதியில் போன சூரியன்
ஜனவரி பாதியில்தான் திரும்பும்.
ஆகவே, "நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய்?"
என்று நான் கேட்டது அசட்டுத்தனம்.
"எந்த நேற்று?" என்றான் ஹால்வார்.

மீன் ஆலை வேலை போய் ஐந்து மாதம்.
அந்தப் பக்கம், விளையாட்டில்,
அவனுக்கு ஒரு கோட்டையும் நாற்பது வீரர்களும்.

திரையில் நான்கு சீட்டுக்கட்டுகள்.
இரண்டு அள்ளிக் கொடுத்து மொத்தமாய்ப் பிடுங்கும்.
இரண்டு சில்லறை தரும், சில்லறை சேரும்.
எது எதுவென்று நான் சொல்லக்கூடாது.

பத்துப் பதினைந்து சீட்டில்
கைக்குத் தெரிந்துவிடும் பலருக்கு.
மூளைக்குச் சேதி போகுமுன்பே
உள்ளங்கை கசியும்;
விரலில் சுற்றிய கம்பி என்னிடம் கோள் சொல்லும்.

ஹால்வாரின் கோடு
காற்றில்லாத ஃபியோர்டாய்க் கிடந்தது.

அறுபதாவது சீட்டில் நிறுத்திக் கேட்டேன்,
எந்தக் கட்டு மோசம்?
"முதல் இரண்டும்" என்றான், யோசிக்காமல்.
சொன்ன வாய் மூடுமுன்
முதல் கட்டைத் தொட்டான்.

'சமிக்ஞை இல்லை' என்று எழுதினேன்.
வேறு எப்படி எழுதுவது?

கையுறையை மறந்து போயிருந்தான்.
பேருந்து நிறுத்தம் வரை ஓடினேன்.
போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது,
கோட்டை வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள்.
திரைக்கு ஒரு நூல் மேலே
நின்றிருந்தது கட்டைவிரல்.
முப்பத்து நான்காம் எண் வந்து, கதவு திறந்து,
மூடிப் போனது.

கையுறையைத் திணித்தபோது
அவன் உள்ளங்கை ஈரம்.

உருகிய பனியோ, வேறெதுவோ.
கருவி மூன்றாம் மாடியில் இருந்தது.